தண்ணீர் பட்டதும் சிலிர்த்த குட்டி

அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மச்சான் செல்வம் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ள, இம்புட்டு லேசா இருக்கு? வெளிநாட்டுலருந்து வாரவுக பெட்டி மாதிரியா இருக்கு?" என்றார். செல்வம் என் மனைவி மாலதியின் அண்ணன். நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன், கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறேன். அருப்புக்கோட்டையோடு எனக்கு உள்ள ஒட்டு உறவெல்லாம் மாலதி வழியாக வந்ததுதான். இந்த முறை சுற்றிப் பார்க்கவோ சொந்தம் கொண்டாடவோ வரவில்லை. ஒரு வேண்டுதலைத் தீர்க்க வந்தேன்.

போன வருஷம் என் மகன் கவினை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கால் நொறுங்கிப்போய், பையன் மறுபடி நடப்பானா என்று டாக்டரிடம் கேட்டால் அவர் வேறு பேச்சுக்குப் போன நாட்கள் அவை. அப்போது மாலதி, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு கண்மாய்க் கரையில் இருக்கும் தன் குலதெய்வம் அய்யனாரிடம், பிள்ளை எழுந்து நடந்தால் உயிரோடு ஒரு குதிரைக் குட்டி விடுவதாக நேர்ந்துகொண்டாள். பையன் நடந்துவிட்டான். நான் ஆபரேஷனையும் பிசியோதெரபியையும் நம்புகிறவன். வீட்டில் நிம்மதி வேண்டும் என்பதையும் நம்புகிறவன். மாலதிக்கு வேலை செய்யும் இடத்தில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே நான் கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் செல்வம் என்னைப் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். எங்கள் ஊர் ரொட்டி சானாயும் இதுவும் ஒரே வம்சம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இங்கே அதை எண்ணெயில் மூழ்கடித்து, அப்பளம் மாதிரி நொறுங்கப் பொரித்து, அதன் தலையில் சால்னாவைக் கவிழ்க்கிறார்கள். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டதும் சப்ளையர் கவலையோடு பக்கத்தில் வந்து, "ஒடம்புக்கு ஏதும் முடியலையாண்ணே?" என்றார். கிள்ளானில் இரண்டு தின்றால் டாக்டர் திட்டுவார். வெட்கப்பட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை செல்வத்தின் மனைவி பாக்கியம் பழைய பூக்கூடை ஒன்றில் மாலை, தேங்காய், சந்தனம் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தாள். மாலதி என்னிடம் கொடுத்தனுப்பிய நீலப் பட்டையையும் அதில் வைத்தேன். கவின் முழங்காலில் மாதக்கணக்கில் கட்டியிருந்த, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை அது. அதைக் குட்டியின் கழுத்தில் கட்டிவிட வேண்டும் என்பது மாலதியின் உத்தரவு. "மறந்துராதீக அண்ணே. அந்தப் பட்டையோட பிள்ளை நோவும் போயிரணும்" என்று பாக்கியம் வாசல்வரை வந்து சொன்னாள்.

செல்வத்தின் குட்டியானை வண்டியில் போனோம். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. திருச்சுழி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், இடையிடையே கரிமூட்டப் புகை, வெடித்துக் கிடக்கும் கரிசல். தினமும் மழை பெய்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு இவ்வளவு வானத்தைப் பார்த்ததும் கண் கூசியது. அந்த இடம் பார்த்துப் பின் டயர் படுத்துவிட்டது. ஸ்டெப்னியை எடுத்தால் அது என் தலையைவிட வழுக்கையாக இருந்தது. டயர் கடைக்காரனை மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டு இப்படி ஒரு டயரில் ஓட்டலாமா என்று கேட்டேன். "மாப்ள மலேசியாவுல இருக்காரு, வண்டி இங்கல்ல இருக்கு" என்றார் செல்வம். வெயிலில் உட்கார்ந்து நானே மாற்றிக் கொடுத்தேன்.

கோயில் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆலமரம், ஒரு சின்ன மண்டபம், அதைச் சுற்றி வரிசை வரிசையாக மண் குதிரைகள். எல்லாம் பளபளவென்று வர்ணம் பூசிய, வயிறும் கழுத்தும் புடைத்த குதிரைகள். அந்தக் காலத்தில் மண் குதிரை செய்து வைப்பதுதான் வழக்கம் என்றும், சிங்கப்பூர், துபாய், மலேசியா என்று ஆட்கள் போய்க் காசு வந்த பிறகுதான் உயிர்க் குதிரை வந்தது என்றும் செல்வம் வழியில் சொல்லியிருந்தார். "ஒங்கள மாதிரி ஆளுக ஆரம்பிச்சு வச்சதுதான் மாப்ள" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் நான்கு குட்டிகள் கட்டியிருந்தன. அவற்றைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ரேக்ளா பந்தயத்துக்கு ஆகாது என்று கழித்தவை, கல்யாண ஊர்வலத்துக்கு வளர்க்கிறவர்கள் வேண்டாம் என்று தள்ளியவை, பால் மறப்பதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்தவை. விற்கிற கருப்பையாதான் இதையெல்லாம் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பேச்சில் அவ்வளவு மரியாதை. மூன்று குட்டிகளின் விலா எலும்பைத் தள்ளி நின்றே பார்க்க முடிந்தது. இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. நான்காவது செம்பழுப்புக் குட்டி மட்டும் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தது.

"ஏன் இதுக்கெல்லாம் தீனி போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

"பஞ்ச காலம் அண்ணாச்சி. கண்மாயில புல்லு ஏது? மனுசனுக்கே தண்ணி விலைக்கு வாங்குறோம்" என்றார் கருப்பையா. பிறகு அந்தச் செம்பழுப்புக் குட்டியைக் காட்டி, "இது வேணாம். தண்ணி தெளிச்சா கல்லு மாதிரி நிக்கும். போன வாரம் ஒரு குடும்பம் இதை வச்சுக்கிட்டு உச்சி வெயில்ல காஞ்சு போச்சு" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை. இருப்பதிலேயே மெலிந்த வெள்ளைக் குட்டியைக் கை காட்டினேன். இதை வாங்கிக் கோயிலில் விட்டால் இதற்காவது ஒரு வாழ்வு வரும், சாமி சொத்தென்று நாலு பேர் தீனி போடுவார்கள் என்று நினைத்தேன். பேரம் பேசவில்லை. பேரம் பேசாததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். "நல்ல குட்டியாத்தான் பாத்துருக்கீக மாப்ள, காரியம் சட்டுனு முடிஞ்சிரும்" என்றார் செல்வம்.

சாமி முன்னால் குட்டியை நிறுத்தி மாலை போட்டார்கள். நான் நீலப் பட்டையைக் கழுத்தில் கட்டினேன். கவினின் முழங்காலுக்கு அளவாக இருந்த பட்டை அதன் கழுத்துக்கும் சரியாக இருந்தது. பூசாரி ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன் முதுகில் தெளித்தார். ஆட்டுக்குச் செய்வதுபோலத்தான் இங்கே குட்டிக்கும். தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலிர்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நாங்கள் காத்திருக்கவே இல்லை. தண்ணீர் விழுந்ததுமே குட்டி தலையிலிருந்து வால்வரை வெடவெடவென்று நடுங்கியது. முன்னங்கால்கள் மடங்கப் பார்த்து நிமிர்ந்தன. அங்கே நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். செல்வம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவின் முதல் முறை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவன் கால்களும் இப்படித்தான் நடுங்கின. ஒரு போட்டோ எடுத்து மாலதிக்கு அனுப்பினேன். அவள் குரல் செய்தியில் அழுதாள்.

குட்டியைப் பக்கத்து மரத்தில் கட்டினார்கள். கொஞ்ச நேரம் இருந்து அதற்கு ஏதாவது தின்னக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். "வீட்டுல கறி ஆறிப்போகும், வாங்க மாப்ள" என்று செல்வம் வண்டியைக் கிளப்பினார். போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். பாக்கியத்தின் கைப்பக்குவத்தைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதலாம். எழுத மனம் வரவில்லை.

அதற்கடுத்த நாள் கவின் போனில் கூப்பிட்டான். குதிரை கோயிலில் மேய்வதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் நண்பர்களிடம் சொல்லிவிட்டானாம். அதற்கு வைக்கப் பெயரெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். செல்வத்திடம் கேட்டேன். வண்டி மெக்கானிக்கிடம் நிற்கிறது என்றார். சாப்பிட்ட பிறகு மறுபடி கேட்டேன். குட்டி மேய்ச்சலுக்குப் போயிருக்கும், போனாலும் கண்ணில் படாது என்றார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு தட்டை எடுத்துப் போனாள். வெயிலுக்குச் சோம்பல்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மறுநாள் தனியாகக் கிளம்பினேன். திருச்சுழிவரை ஒரு பஸ், அங்கிருந்து நரிக்குடிப் பக்கம் இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி உட்கார்ந்து வந்தது. கிள்ளானில் பஸ்ஸுக்குள் ஒரு டுரியான் பழத்தைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். "அதுக்கும் டிக்கெட் போட்டாச்சா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். "அது பாஸ்ல வருது" என்றார். அந்தச் சிரிப்போடுதான் கோயில் ஸ்டாப்பில் இறங்கினேன்.

ரோட்டோரத்தில் வேம்பு நிழலில் ஒரு பெண் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு சொன்னாள். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து ஒரு செம்புக் கூழ் கொடுத்தாள். வெயிலுக்கு அமிர்தமாக இருந்தது. அவளுடைய ஆடு பக்கத்தில் கடலைச்செடிக் கட்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக, முந்தாநாள் நான் விட்ட குதிரைக் குட்டியைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"விட்ட குட்டியவா?" என்று கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது அன்னைக்குச் சாயங்காலமே ஏலத்துல போயிருக்குமேண்ணே."

"யாருக்கு?"

"கருப்பையா அண்ணனுக்குத்தான். வேற யாரு எடுப்பா? சாமிக்கு வந்த உசுர வீட்டுல கட்டி வளக்க எல்லாருக்கும் பயம். அவரு ஏலத்துல எடுப்பாரு, மறுநாள் கரையில கட்டிருவாரு. அடுத்து வாரவுக வாங்குவாக. சாயங்காலம் திரும்பவும் ஏலத்துக்கு வரும்."

"அப்ப அதுக்குத் தீனி?"

"தீனி வச்சா சிலுக்காதுல்ல" என்றாள். சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்து விளக்கினாள். "வயிறு நெறைஞ்ச குட்டி மேல தண்ணி தெளிச்சா சுகமா நிக்கும். காஞ்ச குட்டிதான் பட்டுன்னு ஒதறும். வாரவுகளுக்கு அதுதான வேணும். காத்துக்கெடந்தா சாமி கோச்சுக்கிருச்சுன்னு பதறிப்போறாக."

கூழ்ச் செம்பைக் கீழே வைத்தேன். பெண்கள் குலவை போட்டதும் செல்வம் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் நான் கண் கலங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் பார்த்தது சாமியின் சம்மதம் அல்ல, வெறும் பசி. அந்தப் பசியை நான் ஒரு போட்டோவும் எடுத்திருந்தேன்.

கண்மாய்க் கரைக்குப் போனேன். வெள்ளைக் குட்டி அதே கருவேல நிழலில் கட்டியிருந்தது. நீலப் பட்டை இன்னும் கழுத்தில் இருந்தது. தலைக்கயிற்றை அந்தப் பட்டையிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் இன்னும் மெலிய முடியுமா என்று கேட்டால், முடிந்திருந்தது. கருப்பையா என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அசரவில்லை. "வாங்க அண்ணாச்சி" என்று பழைய நண்பரைப்போல வரவேற்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். புருஷன் குவைத்தில் ஏதோ சிக்கலில் மாட்டிப் பல மாதம் ஊர் திரும்ப முடியாமல் கிடந்தவனாம். வந்து சேர்ந்தால் குட்டி விடுவதாக மனைவி நேர்ந்திருக்கிறாள். அவள் புருஷன் கையை விடவே இல்லை. விட்டால் மறுபடி போய்விடுவான் என்பதுபோலப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குட்டியாகப் பார்த்து வந்து வெள்ளைக் குட்டி முன்னால் நின்றாள்.

இதைத் தடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். "அம்மா, இது வேணாம். இது முந்தாநாள் நான் கோயிலுக்கு விட்ட குட்டி" என்றேன்.

அவள் கோபப்படுவாள், கருப்பையாவோடு சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒங்க வேண்டுதல் பலிச்சுருச்சாண்ணே?"

அன்றைக்கே செல்வத்திடம் விஷயத்தைக் கேட்டு வைத்திருந்த கருப்பையா அதற்குள் புகுந்துகொண்டார். "இவுக பையனுக்குக் காலு போயிருந்துச்சும்மா. இப்ப நடக்குறான். தண்ணி படவும் எப்படிச் சிலுத்துச்சுன்னு இவுகளையே கேளுங்க."

"நெசமாண்ணே? பையன் நடக்குறானா?" என்று கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"நடக்குறான்மா. ஆனா..." என்றேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. சாமி ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட குட்டி என்றால் ராசியான குட்டிதானே. "இதுவே இருக்கட்டும்" என்று அவள் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கருப்பையா இத்தனை நாளில் செய்யாத விளம்பரத்தை நான் வந்து செய்து கொடுத்திருந்தேன்.

பேச்சியம்மாளிடம் ஓடிப்போய்க் கடலைச்செடி கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். நீட்டியதும் குட்டி என் விரலோடு சேர்த்துக் கவ்வியது. இரண்டு வாய் தின்றிருக்கும். "வேணாம் அண்ணாச்சி, அவுக காரியம் முடியட்டும்" என்று கருப்பையா மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள், கெஞ்சுகிற மாதிரி. நான் கையை இழுத்துக்கொண்டேன். வாயில் ஒரு செடி தொங்கியபடியே குட்டியைச் சாமி முன்னால் இழுத்துப் போனார்கள். தண்ணீர் தெளித்தார்கள். நான் மண் குதிரைகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். குலவைச் சத்தம் கேட்டது. காத்திருக்கவே தேவை இருக்கவில்லை.

ஏலம் வெயில் தாழ்ந்த பிறகு. அதுவரை கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா மச்சான்?"

"தெரியாம என்ன? வந்த காரியம் நல்லபடியா முடியணும்ல" என்றார்.

"நானே ஏலத்துல எடுத்துடுறேன். உங்க வீட்டுக்குப் பின்னால கட்டிப் போடுங்க. தீனிச் செலவு என் பொறுப்பு."

"கையத் தூக்கிராதீக மாப்ள." அவர் குரல் மாறிவிட்டது. "சாமிக்குக் குடுத்தத, குடுத்த வீடே திருப்பி வாங்குனா, சாமி குடுத்ததும் திரும்பிப் போயிரும்பாக. நமக்குக் குடுத்தது என்னன்னு ஒங்களுக்கே தெரியும்."

நான் இதையெல்லாம் நம்பாதவன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட வேண்டியதுதான். பூசாரி ஆலமரத்தடியில் நின்று, இரண்டு தேங்காய்க் குலையும் ஒரு சேவலும் போன பிறகு, "வெள்ளக் குட்டி, யாரு கேக்குறது?" என்றார். பத்திருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருப்பையா நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு கை உயர்ந்திருந்தால் போதும், போட்டிக்குக்கூட ஆள் இல்லை. எனக்குக் கவினின் முழங்கால் தையல் தெரிந்தது. என் இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கருப்பையா கேட்டார், எடுத்தார், அவிழ்த்துக்கொண்டு போனார். குட்டி என்னைத் தாண்டிப் போகும்போது என் கையை முகர்ந்து பார்த்தது. கடலைச்செடி வாசனை இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. கிளம்பும் அன்று பாக்கியம் சேவும் கருப்பட்டி மிட்டாயும் கட்டிக் கொடுத்தாள். வரும்போது லேசாக இருந்த பெட்டி இப்போது கனத்தது. செல்வம் அதைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வந்து, சொல்லாமல் வண்டியில் வைத்தார்.

கிள்ளானில் நல்ல மழை. மாலதி போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அதில் குட்டியின் முகமும் நீலப் பட்டையும் மட்டும்தான் இருந்தன. "உடம்பு ரொம்ப எலும்பும் தோலுமா தெரிஞ்சுது, அதான் வெட்டிட்டேன். இப்ப லட்சணமா இருக்குல்ல?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன்.

கவின் பின்னாலேயே வந்து, "வீடியோ எங்கப்பா?" என்றான். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். "அங்க அதுக்கு நிறைய புல் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "அடுத்த லீவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா. நானே அதுக்குச் சாப்பாடு குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மாடிப்படியில் தடதடவென்று ஏறி ஓடினான். ஒரு படியில்கூடக் கால் இடறவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சாமி அலமாரிப் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.